விளக்கேற்றாத இரவுகள்

அந்தி மயங்கி, கீழ்வானில் எழுந்த முழுமதி வெள்ளாற்றின் நீர்ப்பரப்பெங்கும் பொன்னை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த வேளையில், நெடுங்கரைக் கோட்டையின் நீர்வாயிலிலிருந்து சிறு படகொன்று புறப்பட்டது. அதில் முக்காடிட்டு அமர்ந்திருந்தவள் அந்நாட்டு மன்னன் விடங்கவேளின் தேவி வானவி. கரையில் தீப்பந்தம் ஏந்தி நின்ற காவலர்கள் அவளை வழியனுப்ப வந்தவர்களல்லர். திரும்பி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள நின்றவர்கள்.

அன்புடைய வாசகர்களே, அவள் செய்த குற்றம் கருவுற்றதுதான். கருத்தரிக்க உகந்த இரவு இதுவென்று நிமித்திகர் குறித்துக் கொடுக்க, அன்று அந்தப்புர மாடத்தில் விளக்கேற்றுவது அக்கோட்டையின் வழக்கம். அவ்விரவில் மட்டுமே கரு உருவாகும் என்பது அவர்கள் நம்பிக்கை. விடங்கவேளோ விளக்கேற்ற வேண்டிய இரவுக்கு மூன்று நாள் முன்பே போருக்குப் போய்விட்டான். அப்படியானால் இது யார் பிள்ளை என்று மன்னனின் சிற்றப்பன் மழவதரையன் சபையில் கேட்டபோது, மறுத்துப் பேச ஒருவரும் எழவில்லை. ஆணின் உயிரணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரைகூட உயிரோடு காத்திருக்கும், கருமுட்டை பிறகு வந்தாலும் கரு உண்டாகும் என்பது இன்று நமக்குத் தெரியும். அந்தச் சபைக்கு யார் எடுத்துச் சொல்வது?

வானவியை ஊர்ப்பேச்சு சுடவில்லை. பாசறைக்கு இச்செய்தி எட்டியிருக்குமே, அவர் என்ன நினைத்திருப்பார் என்ற ஒன்றுதான் நெஞ்சை அறுத்தது. பிரிவதற்கு முந்தைய இரவுகளில் அவர் உறங்கவேயில்லை. அவள் கூந்தலை விரல்களால் அளைந்தபடி, விடியாதிருக்கக் கூடாதா என்று ஏங்கிய அந்தக் குரல் இப்போதும் செவியருகே கேட்டது.

“அசையாம உக்காருங்கம்மா, ஆத்துல இழுப்பு சாஸ்தி,” என்றான் தலைப்பாகையை முகத்துக்கு இழுத்துவிட்டிருந்த ஓடக்காரன்.

பந்த வெளிச்சம் பின்னால் மங்கியதும் அவள், பாசறைப் பக்கம் போவதுண்டா என்று அவனை விசாரித்தாள். எப்போதாவது போவேன் என்றான் அவன்.

“மன்னரைக் கண்டால் ஒன்று சொல்லப்பா. என்னை நம்பாவிட்டாலும் போகட்டும். பிறக்கும் குழந்தையை மட்டும் வெறுக்க வேண்டாம் என்று சொல்.”

துடுப்பு நின்றது. ஓடக்காரன் தலைப்பாகையைக் களைந்தான்.

“அந்தச் சேதியை நான் ஏற்க மாட்டேன், தேவி.”

வானவி முக்காட்டை விலக்கிப் பார்த்தாள். “சுவாமி, தாங்களா?”

வாயிற்காவல் முழுவதும் சிற்றப்பன் ஆட்கள் என்பதால் இந்த வேடத்தில் வந்ததாகச் சொல்லி, விடங்கவேள் அவள் கைகளைப் பற்றிக்கொண்டான். “பருவம் முற்றுவதற்கு நாலு நாள் முன்பே பொலிகுதிரையைப் பிரித்துவிட்ட பெட்டைகள் என் லாயத்தில் குட்டி ஈன்றிருக்கின்றன. லாயக்காரர்களை என் படையோடு அழைத்து வந்திருக்கிறேன்; கோட்டைக்கு வெளியே காத்திருக்கிறார்கள். சபையில் சொல்வார்கள்.”

“குதிரையைப் பார்த்துத்தான் என்னை நம்பினீர்களா?”

“எனக்குக் குதிரை தேவைப்படவில்லை. சபைக்குத் தேவைப்படுகிறது.”

கண்ணீருக்கிடையே அவள் இதழோரம் குறும்பு எட்டிப் பார்த்தது. “அதற்காக என்னைப் பெட்டைக் குதிரையாக்கி விட்டீர்கள்.”

“மழவதரையரைக் கழுதையாக்க வேறு வழி கிடைக்கவில்லை.”

பிறகு அவன் குரல் கனத்தது. “நிலவும் இந்த ஆறும் சாட்சி. உன் கையைப் பிடித்தபடியே சபையேறுவேன். இந்தக் கருவை என் குருதியென்று அவர்கள் வணங்கும்வரை அரியணையில் அமரேன்.”

அவள் படகில் கிடந்த இரண்டாவது துடுப்பை எடுத்தாள். படகு கோட்டையை நோக்கித் திரும்பியது.