கொட்டகையில் கேட்ட குரல்

"நேத்தும் எம்புள்ள வந்தான்! நீதான்டி கதவத் தொறக்கல!"

விடிந்ததும் விடியாததுமாக வள்ளியம்மாள் ஆரம்பித்துவிட்டாள். பார்வை போன கண்களால் மருமகள் நிற்கும் பக்கத்தைத் தேடி விரலை நீட்டினாள். "மன்னிச்சுடு, மன்னிச்சுடுன்னு அழுதான்... நீ கல்லாட்டம் உக்காந்திருந்தியே, பாவி!"

கண்ணம்மாள் கூழைக் கிண்டிக்கொண்டிருந்தாள். குரல் கேட்டது உண்மைதான். அதை எப்படி விளக்குவாள்?

அவள் கணவன் சுந்தரமூர்த்தி, ஆம்பூர் தோல் கிடங்கு ஒன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவன். நாடகப் பித்துப் பிடித்தவன். அம்மாவின் பார்வை மங்கத் தொடங்கிய வருஷம், ஒரு நாள் சொல்லாமல் பட்டணத்துக்கு ரயிலேறினான். பெற்றவள் மனம் உடைந்துவிடக்கூடாதே என்று, "கோலார்ல வேலை கெடைச்சிருக்கு அத்தை" என்றாள் கண்ணம்மாள். அதே கிடங்கில் ஆட்டு மயிர் அலசி, கை புண்ணாகிக் கொண்டுவந்த கூலியை, "உங்க புள்ள அனுப்பினது" என்று சொல்லியே சோறு போட்டாள்.

இப்போது ஊருக்குப் பேசும் படம் வந்திருந்தது. கூடாரக் கொட்டகை அடுத்த தெருவில். அந்தப் படத்தில் அவன்தான் நாயகன்! மனைவியைத் துரத்திவிட்டுக் கடைசியில் அவள் காலடியில் அழும் கணவன் வேஷம். பக்கத்து வீட்டு முனவ்வர் பேகத்தோடு கண்ணம்மாள் ஒருமுறை போய்ப் பார்த்தாள். பெண்கள் எல்லாரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். அவளுக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. அன்றிலிருந்து விளக்கு வைத்தால் போதும்... காற்றோடு அந்தக் குரல் வீட்டுக்குள் வந்துவிடும். யாரோ ஒருத்தியிடம் மன்னிப்புக் கேட்கும் தன் கணவனின் குரல்! காதைப் பொத்தினாலும் கேட்டது. கிழவி சுவரைத் தடவிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள்.

கூழை இறக்கும்போது வாசலில் நிழல் விழுந்தது.

"கண்ணம்மா..."

சுந்தரமூர்த்தி! கன்னம் ஒட்டி, சட்டை கசங்கி நின்றான். அவள் வாய் திறப்பதற்குள் முழந்தாளிட்டான். "பிராணநாயகி! இந்தப் பாவியை மன்னித்து ஏற்றுக்கொள்ள மாட்டாயா?"

அவள் பின்வாங்கினாள். "போதும்! அத தெனம் கேக்கறேன். அவளுக்குச் சொன்னத எனக்குச் சொல்லாதீங்க!"

அவன் விக்கித்துப் போனான். பிறகு, தலையைக் குனிந்துகொண்டு உடைந்த குரலில் சொன்னான்.

"பயந்துட்டேன் கண்ணம்மா... அம்மாவுக்குக் கண்ணு போவுதுன்னு வைத்தியர் சொன்னாரு. கடைசி வரைக்கும் நாமதானே பாக்கணும்னு... ஓடிட்டேன். இந்த ஒரு படத்தோட சரி, அப்புறம் வேஷம் கெடைக்கல. நேத்து படம் பாக்க வந்தேன். கொட்டகைக்கு வெளிய நின்னப்போ, வீட்டு வாசல்லேர்ந்து அம்மா கூப்புட்டது கேட்டுச்சு. 'இருடா, வந்துட்டேன்'னு... வீட்டுக்கு வர தைரியம் இல்ல. ஸ்டேஷன்லயே கெடந்தேன்."

"கோலார்ல இல்லியாடா நீ?"

இருவரும் திரும்பினார்கள். நிலைப்படியைப் பிடித்தபடி வள்ளியம்மாள் நின்றாள்.

"அப்போ... இத்தினி நாளு எனக்குச் சோறு போட்டது யாரு?"

"அம்மா!" என்று மகன் நீட்டிய கையைத் தள்ளினாள். காற்றில் துழாவி மருமகளின் கையைப் பிடித்து, வெடித்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். அவளை மார்போடு இறுக்கிக் கதறினாள். "உன்ன இன்னா இன்னாவெல்லாம் திட்டினேன்டி, என் தாயே!"

"வுடுங்க அத்தை..."

பிறகு கண்ணம்மாள் மூலையிலிருந்த குடத்தை எடுத்துக் கணவனிடம் நீட்டினாள். "அத்தையக் குளிப்பாட்டணும். தண்ணி எடுத்துக்கினு வாங்க."

அவன் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினான். அந்த முதுகு திருப்பத்தில் மறைந்தது. ரயில் நிலையத்துக்கும் அதே வழிதான். கதவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பழக்கமில்லாத தோளில் குடம் சாய்ந்து, சட்டையெல்லாம் நனைய, அவன் திரும்பி வந்துகொண்டிருந்தான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.