கொடிக்குழி

மூச்சு விடுகிறது என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. ஈரமாக இருக்கிறது என்று சொல்லலாம். ஈரம் என்றால் யாரும் என்னை ஒருமாதிரியாகப் பார்க்க மாட்டார்கள்.

சேதுலட்சுமி துணியைப் பிழிந்துவிட்டு, எட்டு மாத வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறுபடியும் குனிந்தாள். பின்னறையின் மேற்கு மூலையில், சிமெண்டுத் தரையில், ஒரு முறத்தின் அகலத்துக்கு அந்த ஈரம் வட்டமாகப் படர்ந்திருந்தது. காலையிலிருந்து மூன்று முறை துடைத்துவிட்டாள். அது சித்திரை மாதம். ஊரணி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, கிணற்றில் வாளியை இறக்கினால் கல்லில் மோதும் சத்தம்தான் வந்தது, வெளியே உச்சி வெயிலில் சீமைக்கருவேல நெற்றுகள் கடல்காற்றில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. ஆனால் அந்த ஈரத்தில் உப்பு வாசனையும் இல்லை, மண் வாசனையும் இல்லை. ரத்தமும் சீம்பாலும் வெந்நீரும் கலந்த, பிள்ளை பெற்ற அறையின் வாசனை.

“அயித்தை, பின்னறைல தரை ஈரமா இருக்கு.”

முற்றத்தில் குண்டு மிளகாயைக் காயவைத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாள் நிமிராமலே சிரித்தாள். “கெணத்துலயே தண்ணியில்ல, ஒனக்குத் தரையில ஊறுதாக்கும்? ஊருக்குச் சொல்லிவிடு, கொடத்தத் தூக்கிக்கிட்டு வரட்டும்.”

“மேக்கு மூலைல.”

மிளகாயைத் துழாவிய கை நின்றது.

“அங்கன தொடைக்காத ஆத்தா,” என்றாள் மாமியார். “அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.”

அந்த மூலை முன்பு கொல்லையாக இருந்தது. இந்த வீட்டில் எந்தப் பிள்ளை பிறந்தாலும் அதன் நஞ்சுக்கொடியைப் புதுப்பானையில் போட்டு, மூடி, அதே குழியில்தான் புதைப்பார்கள். எண்பத்திரண்டில் வீட்டை நீட்டிக் கட்டியபோது குழி சுவருக்கு உள்ளே வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் இடத்தை மாற்றியிருப்பார்கள். இவர்கள் மாற்றவில்லை. ஒவ்வொரு பேற்றுக்கும் தரையை உடைத்து, பானையை இறக்கி, மறுபடி பூசினார்கள். நாத்தனார் நாகலெட்சுமிக்கு மட்டும் தவறியது. அவளுக்குப் பரமக்குடியில் பிள்ளை பிறந்தது. கொடியை யாரும் கேட்டு வாங்கி வரவில்லை. பிள்ளை பதினோரு நாள்தான் இருந்தது. சேதுலட்சுமி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த அன்றே மாமியார் இதைச் சொல்லிவிட்டாள். “நாம குடுக்கல. அது எடுத்துக்கிருச்சு.” குவைத்திலிருந்த கணவன் வீரபத்திரன் போனில் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா சொல்றதக் கேட்டுக்க.”

சேதுலட்சுமி ராமநாதபுரத்துப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். போன வருஷம், 2006-இல், பன்னிரண்டாம் வகுப்புப் பெண்களுக்கு அவளே ஆசையாகச் சொன்ன பாடம் இப்போது நினைவுக்கு வந்தது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஒரு வைரஸ் நம் மூதாதை விலங்கின் கருவுக்குள் புகுந்தது, வெளியே போகவில்லை, நம் மரபணுவிலேயே தங்கிவிட்டது. செல்லுக்குள் நுழைய அது வைத்திருந்த ஒரு புரதத்தை உடல் தனக்கென்று எடுத்துக்கொண்டது. அந்தப் புரதம்தான் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இருக்கும் சுவரைக் கரைத்து, தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் ஓரமே இல்லாத ஒரே படலமாக நஞ்சுக்கொடியில் விரிக்கிறது. “அப்ப நாமளும் வைரஸ்தானா டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். வகுப்பே சிரித்தது.

பிள்ளை பிறந்ததும் அதன் வேலை முடிந்துவிடும் என்றுதான் அவள் சொல்லிக்கொடுத்திருந்தாள். நிறுத்தச் சொல்ல ஓர் உடம்பு இல்லாத இடத்தில் அதை வைத்தால்? பானைக்குப் பக்கத்தில் பானை. மூன்று தலைமுறை. சுவரைக் கரைக்க மட்டுமே தெரிந்த ஒன்று, இருட்டில், சும்மாவா இருக்கும்?

வலது உள்ளங்கையைத் தரையில் வைத்தாள்.

சூடு. காய்ச்சல்காரியின் நெற்றியைப் போல.

அப்புறம் ஒரு துடிப்பு. நிதானமாக. இன்னொன்று. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தது. அதே தாளத்தில்.

கையை எடுத்தாள். வரவில்லை. இழுத்தாள். பிளாஸ்திரி உரிகிற சத்தம். வந்தது.

ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். வலியில்லை, ரத்தமில்லை. ரேகைகள் இல்லை. ஒன்றுகூட இல்லை.

அவளுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. அம்மா செத்துப்போன பிறந்த வீட்டிலும், தாலி ஏறிய வீட்டிலும் எதையும் இது என்னுடையது என்று அவள் சொன்னதில்லை. இப்போது சொல்லத் தோன்றியது. என் தோலுக்கு ஓரம் உண்டு. நான் இதோ இங்கே முடிகிறேன். இதற்கு அப்பால் இருப்பது நானில்லை.

அன்றிலிருந்து முன்கூடத்தில் படுத்தாள். வலது கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டாள்.

வைகாசியில் ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் பெண் பிறந்தது. அவளிடம் முன்பு படித்த தாஜுன்னிசாதான் அங்கே நர்ஸ்.

“டீச்சர், ஒங்க மாமியா புதுப்பானையோட வாசல்ல நிக்கிறாக. கொடியக் குடுத்துரவா?”

“வேண்டாம். மத்த கழிவோட சேத்து எரிச்சிருங்க.”

“யா அல்லா, அந்தப் பானையாலயே என் மண்டைய ஒடைச்சிருவாகளே!”

“என்னையக் கேக்கச் சொல்லு. நான் பதில் சொல்லிக்கிறேன்.”

மாமியார் வந்து கேட்கவேயில்லை. வெறும் பானையோடு பஸ் ஏறிப் போய்விட்டாள் என்று தாஜுன்னிசா சொன்னாள்.

ஆறாம் நாள், டவுனில் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்குப் போகும் வழியில், சான்றிதழ்களை எடுக்க மட்டும் ஊருக்கு வந்தாள். மணி பன்னிரண்டு.

“இஞ்சின அணைக்காதிய, பாய். அஞ்சு நிமிசத்துல வந்துர்றேன்.”

“அணைச்சா இது திரும்பக் கெளம்பாது, டீச்சர். நீங்க வெரசா வாங்க,” என்றார் ஆட்டோக்காரர் மீரா சாகிபு.

பிள்ளையை யாரிடமும் கொடுக்க மனமில்லை. இடது தோளில் சாய்த்துக்கொண்டு, பழக்கத்தில் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே போனாள். முற்றத்து மிளகாய் அள்ளப்படாமல் கறுத்துக் கிடந்தது. பிள்ளை பெற்ற அறையின் அந்த வாசனை முன்கூடம்வரை வந்திருந்தது. சான்றிதழ் வைத்த டிரங்குப் பெட்டி பின்னறையில். கதவைத் தள்ளினாள். கண்ணுக்கு இருட்டு பழகுவதற்குள் இரண்டு எட்டு வைத்துவிட்டாள்.

ஈரம் நிலைப்படிவரை வந்திருந்தது.

“வந்துட்டியா ஆத்தா,” என்றாள் பிச்சையம்மாள்.

மேற்கு மூலையில், சுவரில் சாய்ந்து, சேலையை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பச்சைப்பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட உட்காருவார்களே, அப்படி.

“புள்ளையக் குடு. தண்ணி ஊத்தி விடுறேன்.”

பக்கத்தில் தண்ணீர் இல்லை. சோப்பு இல்லை.

சேதுலட்சுமி அந்தக் கால்களைப் பார்த்தாள். கெண்டைக்கால் தெரிந்தது. அதற்குக் கீழே குதிகால் இருக்க வேண்டும். அதற்கும் கீழே தரை இருக்க வேண்டும். கோடு எங்கே? தோல். சேலை ஓரம். சிமெண்டு. ஒரே படலம். ஈரமாக. ஏறி, இறங்கி. ஏறி, இறங்கி.

“கொடிய எரிச்சிட்ட. போயிட்டுப் போகுது.” மாமியாரின் குரல் பிரியமாக இருந்தது. “புள்ளையவே கொண்டாந்துட்டியே. ஒரு தடவ காலுல போடு ஆத்தா. ஒரே ஒரு தடவ.”

தோளில் பிள்ளை மூச்சு விட்டது. தரையின் தாளத்தில்.

பின்னால் நகர வேண்டும். வலது பாதத்தை இழுத்தாள். பிளாஸ்திரி உரிகிற சத்தம். வந்தது. நிலைப்படிக்கு வெளியே ஊன்றினாள். இடது பாதம் வரவில்லை.

இன்னொரு முறை. வரவில்லை.

குனிந்து பார்க்கவில்லை. வாசலில் ஆட்டோ இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் தோளில் இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றிக்கொண்டாள்.

“குடு ஆத்தா.”

“மாட்டேன், அயித்தை,” என்றாள், தூங்கும் பிள்ளை விழித்துவிடாத குரலில்.