ஐம்பதின்மர் மைச்சிமிழ்

ஆனி மாதத்துப் பௌர்ணமிக்கு இன்னும் இரண்டு நாட்கள் இருந்தன. மேற்கே சூரியன் முற்றும் மறையாமலும், கிழக்கே ஏறியிருந்த சந்திரன் இன்னும் ஒளி பெறாமலும் இருந்த அந்த அந்திப் பொழுதில், பெண்ணையாறு பாதி செம்பும் பாதி வெள்ளியுமாக ஓடிக்கொண்டிருந்தது. வடகரையில் நெடுங்குன்றக் கோட்டையின் மதில், நீர் குடிக்க வந்து நின்றுவிட்ட யானைக் கூட்டம்போலக் கறுத்து நின்றது. தென்கரையில், அந்தக் கோட்டையைப் பிடிக்க வந்திருந்த கொற்றங்குடிச் சேனாபதி வயிரமேகரின் பாசறை பரந்து கிடந்தது. மேலைக்காற்று ஆற்று மணலை வாரிக் கூடாரங்களின்மீது இறைத்தது. ஈர விறகின் புகை எழ வழியின்றித் தரையோடு தவழ்ந்தது.

அன்பார்ந்த வாசகர்களே! அந்த வேளையில் நீங்கள் அங்கே நுழைந்திருந்தால், பாசறை முழுவதும் யாருக்காகவோ அழுகிறது என்றே நினைத்திருப்பீர்கள். காவலனும் சமையற்காரனும் குதிரைவீரனும் சிவந்த கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அன்றுவரை அங்கே ஒருவரும் சாகவில்லை. போரே இன்னும் தொடங்கவில்லை.

பாசறையின் ஓரத்தில், ஒரு புன்னைமரத்தடியில், கண் மருத்துவம் பார்க்கும் பூதியின் கூடாரம் இருந்தது. கொதிக்கவைத்து ஆறிய நீர் நிறைந்த பானைகள் வாயிலில் மூடிவைக்கப்பட்டிருந்தன. கொடியில் வெள்ளைத் துணித் துண்டுகள் காற்றில் படபடத்தன. மடைப்பள்ளித் தலைவர் சடையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பூதியம்மா, என் கண்ணுக்குள் அடுப்பே எரிகிறது!"

"அடுப்பு எரிந்தால் நல்லதாயிற்றே, சடையரே! உம் அடுப்பு எரியாமல் புகைகிறது. அதுதான் உமக்கு நோய். விறகைக் காயப்போடும். காற்றுக்கு எதிரே நிற்காதேயும். கண்ணைக் கழுவிவிட்டுக் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை இமைமேல் போட்டுக்கொண்டு சற்றுநேரம் படும். காலையில் தெளிந்துவிடும்."

"மருந்து ஒன்றும் விடமாட்டீர்களா? ஒரு துளி தேனாவது?"

"தேனைப் பாயசத்தில் விடும். கண்ணுக்கு வேண்டாம்."

அடுத்து வந்த குதிரைவீரன் இரண்டு கைகளாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே வந்தான். பூதி அவன் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினாள். "கசக்காதே! உள்ளே கிடக்கும் மணல் உன் விரலுக்கு அஞ்சி வெளியே வராது, கருவிழியைத்தான் கீறும்." அவன் தலையைச் சாய்த்து, கெண்டியின் மூக்கால் நீரை மெல்லச் சொரிந்து, இமையை அடித்துக்கொள்ளச் சொன்னாள். மூன்றாம் முறையில் மணல் நீரோடு வழிந்து போயிற்று. "நாளைக்கும் வலித்தாலோ பார்வை மங்கினாலோ உடனே வா. வீரம் காட்டிக்கொண்டு காத்திருக்காதே" என்று சொல்லி அனுப்பினாள்.

அப்போதுதான் ஏறன் வந்தான். அவன் பூதியின் கணவன். சேனாபதிக்காக உயிர் கொடுப்பதாகச் சத்தியம் செய்த ஐம்பது வேளைக்கார வீரர்களுக்குத் தலைவன். அவனுடைய வலக்கண் செம்பருத்தியாய்ச் சிவந்து, இமைமயிர்கள் பீளையில் ஒட்டியிருந்தன.

"மருத்துவச்சிக்கு வணக்கம். நானும் வரிசையில்தான் நிற்க வேண்டுமா? கணவனுக்குத் தனி வழி உண்டா?"

"கணவருக்குத் தனித் துணி உண்டு. தனி வழி கிடையாது. உட்காருங்கள்."

நனைத்த பஞ்சால் மூக்கோரத்திலிருந்து வெளிப்புறமாக ஒரே இழுப்பில் துடைத்து, அந்தப் பஞ்சை நெருப்பில் போட்டாள். வேறு பஞ்சு எடுத்து மறுபடி துடைத்தாள். பிறகு தன் கைகளை நன்றாகக் கழுவினாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இது புகையும் அல்ல, மணலும் அல்ல. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் நோய். நாலு நாட்களில் முப்பத்தொரு பேர் இப்படி வந்துவிட்டார்கள். முப்பத்தொருவரும் உங்கள் ஐம்பதின்மரைச் சேர்ந்தவர்கள். மற்றவர்களுக்கு இல்லாத எதை நீங்கள் மட்டும் பங்கிட்டுக்கொள்கிறீர்கள்?"

ஏறன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் கை தானாக இடுப்பிலிருந்த வெள்ளிச் சிமிழைத் தொட்டது.

அந்திதோறும் ஐம்பது பேரும் வட்டமாக நின்று, ஒரே சிமிழிலிருந்து, ஒரே தந்தக் கோலால், ஒருவருக்கொருவர் கண்ணில் மை தீட்டுவார்கள். 'உன் கண்ணே என் கண்' என்பது அவர்களுடைய சத்தியம்.

"இந்த மை இனி வேண்டாம்" என்றாள் பூதி. "இது தானாகவே ஆறும் நோய். கழுவிச் சுத்தமாக வைத்து, ஒருவர் துணியை ஒருவர் தொடாமல் இருந்தால் ஏழு நாள், மிஞ்சினால் பத்து. சேனாபதியிடம் ஏழு நாள் கேளுங்கள்."

"கேட்டேன். பௌர்ணமியன்று விடியலில் ஆற்றைக் கடப்பதாக நாள் குறித்தாயிற்று என்கிறார்."

"கண் தெரியாமலா கடப்பீர்கள்?"

"மை இடாதவன் ஐம்பதின்மரில் இல்லை, பூதி."

"அப்படியானால் புருவத்தில் இட்டுக்கொள்ளுங்கள். ஒரு விரற்கடை மேலே போனால் உங்கள் சத்தியத்துக்குத் தலை சுற்றுமா?"

ஏறன் வாய்விட்டுச் சிரித்தான். அதற்குப் பிறகு அவன் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை.

அன்றும் அவன் மை இட்டுக்கொண்டான். மறுநாள் நண்பகலில் இரண்டு கண்களும் வீங்கி மூடிவிட்டன. ஈரத்துணியை இமைமேல் போட்டுக்கொண்டு பூதியின் கூடாரத்தில் உறங்கிப் போனான். சிமிழ் தலைமாட்டில் இருந்தது.

பூதி அதை எடுத்தாள். உள்ளேயிருந்த பழைய மையைச் சுரண்டிப் புன்னைமரத்தடியில் கொட்டினாள். சாம்பலும் வெந்நீரும் இட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தாள். புது விளக்கேற்றிப் புது மை பிடித்தாள். தென்னை ஈர்க்குகள் ஐம்பதை ஒரே அளவாக நறுக்கி, ஒவ்வொன்றின் நுனியிலும் பஞ்சு சுற்றி, ஆளுக்கொன்றாக இருக்கட்டும் என்று கட்டிச் சிமிழோடு வைத்தாள். தன் கணவனின் கண்ணைக் காப்பாற்றிவிட்டதாக அவள் அப்போது நம்பினாள்.

வாசகர்களே, அவளுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. ஐம்பதின்மர் அதை மனைவியரிடமும் சொல்வதில்லை.

அன்று அந்தியில் வட்டம் கூடியது. ஏறனின் தலைமாட்டிலிருந்து கொண்டுவந்த சிமிழும் ஈர்க்குக் கட்டும் நடுவே இருந்தன. சேனாபதி வயிரமேகர் சிமிழைத் திறந்தார். அடியில் கிடந்த சிறிது புது மையைச் சுற்றி வெள்ளி பளபளத்தது. வட்டத்திலிருந்த ஒரு முதிய வீரன், "ஐயோ! என் அண்ணன் அதில் இருந்தானே!" என்று அலறினான்.

ஐம்பதின்மரில் ஒருவன் இறந்தால் அவன் தலைமாட்டில் எரியும் விளக்கின் கரியை அந்தச் சிமிழில் சேர்ப்பார்கள். ஏழு தலைமுறையாக அது ஒருபோதும் வெறுமையாக்கப்பட்டதில்லை. மாண்டவர் கண்ணும் இருப்பவர் கண்ணும் ஒன்றாக வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மை. அந்த ஏழு தலைமுறையும் கரிய நீராகப் புன்னைமரத்தடி மணலில் இறங்கிவிட்டது.

"இதை வெளியார் தொட்டிருந்தால் தலை போகும்" என்றார் சேனாபதி. அவர் குரல் உயரவில்லை. "ஐம்பதின்மரில் ஒருவர் தொட்டிருந்தால், நாளை விடியலில் கேடயமின்றி எல்லோருக்கும் முன்னால் ஆற்றில் இறங்க வேண்டும். யார் தொட்டது?"

வட்டத்துக்கு வெளியே நின்ற பூதி ஓர் அடி முன்வைத்தாள். அதற்குள், தோழன் ஒருவனின் தோளைப் பற்றிக்கொண்டு ஏறன் முன்னால் வந்துவிட்டான்.

"நான்தான், சேனாபதி. என் தோழர்களின் கண்ணுக்காகக் கழுவினேன்."

பூதி வாய் திறந்தாள். குரல் எழவில்லை. மூடிய கண்களோடு அவள் நின்ற திசையைப் பார்த்து ஏறன் சொன்னான்: "மருத்துவச்சியைக் கூடாரத்துக்குப் போகச் சொல்லுங்கள். நாளை அவளுக்கு நிறைய வேலை இருக்கும்."

பௌர்ணமி விடியலில் அவன் முதலில் இறங்கினான். கண் தெரியாத மற்றவர்கள் அவனுடைய குரலைப் பின்பற்றி இறங்கினார்கள். நீர் மார்பளவு வந்தபோது அந்தக் குரல் நின்றது. அம்பு எந்தத் திசையிலிருந்து வந்தது என்பது பின்னால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவனோடு இன்னும் பதினொருவர் மாண்ட பிறகு சேனாபதி படையைத் திரும்ப அழைத்தார். உடலைக் கரையேற்றியவர்கள் பூதியிடம் ஒன்று சொன்னார்கள். ஆற்றுநீர் கழுவியதாலோ என்னவோ, ஏறனின் கண்கள் திறந்திருந்தனவாம்.

ஐந்தாம் நாள் கோட்டைக்குள் தானியம் தீர்ந்து போயிற்று. அவர்களே கதவைத் திறந்து சமாதானம் பேச வந்தார்கள். ஏழாம் நாள், எஞ்சிய முப்பத்தெட்டுப் பேருக்கும் கண் தெளிந்துவிட்டது.

அன்று அந்தியில் வயிரமேகர் தனியாகப் பூதியின் கூடாரத்துக்குள் வந்தார். அவர் ஒரு கையில் சிமிழ், மறுகையில் ஈர்க்குக் கட்டு.

"கண் திறக்க முடியாதவனால் ஐம்பது ஈர்க்குகளிலும் இவ்வளவு சீராகப் பஞ்சு சுற்றியிருக்க முடியாது, அம்மா. அன்றே எனக்குத் தெரியும்."

"தெரிந்துமா அவரை அனுப்பினீர்கள்?"

"உங்கள் இருவரில் ஒருவரைக் கேட்டது எங்கள் சத்தியம். அவன் எனக்கு முன்பே முடிவு செய்துவிட்டான். நான் பேசாமல் இருந்தேன். நீயும் பேசாமல் இருந்தாய்."

பூதி எழுந்து கூடாரத்தின் திரையை விலக்கினாள்.

வெளியே முப்பத்தெட்டுப் பேரும் நின்றிருந்தார்கள். சேனாபதி சிமிழைத் திறந்து காட்டினார். பன்னிரண்டு விளக்குகளின் கரி அதில் இருந்தது. "இனி இதில் ஏறனே முதல்வன். அவன் பெயரால் சொல்கிறேன். இனி ஆளுக்கொரு கோல். கண்நோய் கண்டவன் புருவத்தில் இடுவான். அவனும் நம்மவனே." முப்பத்தெட்டுப் பேரும் வாளைத் தொட்டு அதை ஏற்றார்கள். ஆளுக்கொரு ஈர்க்கு எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சியவை பன்னிரண்டு. பதினொன்று மாண்டவர்களின் வீடுகளுக்குப் போயின.

வாசகர்களே, பூதி என்று யாரோ ஒருத்திபோல எழுதி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. அன்று வட்டத்துக்கு வெளியே குரல் எழாமல் நின்றவள் நான்தான். சொல்லாமல் விட்டதை ஓலையிலாவது சொல்லிவிடுகிறேன்: சிமிழைக் கழுவியது ஏறன் அல்ல, நான்.

இந்த ஓலைக் கட்டுக்குள் பன்னிரண்டாவது ஈர்க்கை வைத்திருக்கிறேன். ஈர்க்கு பழுப்பேறி வளைந்துவிட்டது. நுனிப் பஞ்சு மட்டும் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது.