கசந்த தேநீர்

காலை ஏழரை மணி. கண்டக்டரம்மா சமையலறை வாசலில் மயங்கிக் கிடந்தார். பக்கத்தில் டம்ளர் உருண்டிருந்தது. ஒரே மாதத்தில் இது மூன்றாவது மயக்கம்.

பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் முனகினார்: "டீ ஒரே கசப்பு."

மகளுக்கு அது போதும். நேரே காவல் நிலையம் போனாள். அண்ணி விஷம் வைக்கிறாள் என்று புகார் கொடுத்தாள்.

இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்து மருமகளை விசாரித்தார்.

"டீ யாரு போட்டது?"

"நான்தான் மேடம்."

"வேற யாரு குடிச்சா?"

"நானும் அவரும். ஒரே பாத்திரம்தான்."

"கசந்துச்சா?"

"இல்லையே. அத்தைக்கு ஒண்ணுன்னா என் தலைதான் உருளும்னு தெரியும்."

மிஞ்சிய தேநீர் பரிசோதனைக்குப் போனது. அதில் விஷம் இல்லை. இன்ஸ்பெக்டர் மாமியாரின் அறையைப் பார்த்தார். கட்டிலருகே மூக்குக்கண்ணாடி, சீப்பு, சின்னதாக ஒரு சொட்டு மருந்துக் குப்பி.

ஆஸ்பத்திரியில் இதய டாக்டர் சொன்னார்: "வந்தப்போ நாடி ரொம்ப மெதுவா இருந்தது. மறுநாளே சரியாயிடுச்சு."

"வீட்டை விட்டு வந்ததும் சரியாயிடுச்சு, பாத்தீங்களா!" என்றாள் மகள்.

இன்ஸ்பெக்டர் கண்டக்டரம்மாவின் பக்கம் திரும்பினார்.

"காலையில எழுந்ததும் என்னென்ன செய்வீங்க?"

"பல் தேய்ப்பேன். கண்ணுக்குச் சொட்டு விடுவேன். அப்புறம் டீ."

"சொட்டு எப்போலேர்ந்து?"

"போன மாசம் கண் டாக்டர் குடுத்தாரு."

"இங்க வந்து விட்டுக்கிட்டீங்களா?"

"குப்பிதான் வீட்டுல இருக்கே."

"இந்த டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னுதான் கேட்டாரு. கண்ணுல விடறது வயித்துக்கா போகுது?"

இன்ஸ்பெக்டர் பையிலிருந்து குப்பியை எடுத்து டாக்டரிடம் நீட்டினார். படித்ததும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"குற்றவாளி இதுதான்" என்றார் இன்ஸ்பெக்டர். "கண்ணுல விட்டது மூக்கு வழியா தொண்டைக்கு இறங்கும். அதான் கசப்பு. டீ மேல பழி விழுந்தது."

"ரத்தத்துலயும் கலக்கும்" என்றார் டாக்டர். "இதயத் துடிப்பைக் குறைக்க நான் ஏற்கெனவே மாத்திரை குடுத்திருக்கேன். இந்தச் சொட்டும் அதையே செய்யுது. ரெண்டும் சேர்ந்துதான் சாய்ச்சிருக்கு. நானும் கண்ணைப் பத்திக் கேக்கல. என் தப்புதான்."

அங்கேயே கண் டாக்டருக்குப் போன் போட்டார். சொட்டு மருந்து மாறியது. அதன்பின் மயக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மகள் புகாரைத் திரும்பப் பெற்றாள். அண்ணியின் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தான் சில நாள் ஆயிற்று.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்க மூவரும் வந்திருந்தார்கள். நர்ஸ் கூப்பிட்டதும் கண்டக்டரம்மா மருமகளின் கையைப் பிடித்தார்.

"நீயும் உள்ள வா. எனக்கு ஒரு காதுதான் ஒழுங்கா கேக்குது. டாக்டர் சொல்றதுல பாதி உன் பொறுப்பு."

"நானும் வரேம்மா" என்று மகள் எழுந்தாள்.

"நீ இங்கயே இரு. யார் மேலயாவது புகார் குடுக்கணும்னா கூப்பிடறேன்."

முதலில் சிரித்தது மருமகள்தான்.