சீட்டைக் கொஞ்சம் தள்ளுங்க

முதுகில் யாரோ முழங்காலை வைத்து அழுத்தியது போலிருந்தது.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில், முன்னால் நின்ற லாரியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த சுகுமாறன், இருக்கையின் சாய்மானத்துக்குள்ளிருந்து உருண்டையாக, கெட்டியாக ஏதோ ஒன்று தன் முதுகெலும்புக்குப் பக்கத்தில் மெல்ல எழும்பி, சற்று நின்று, மெல்ல அடங்குவதை உணர்ந்தான். திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. யாரும் உட்காரவும் முடியாது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, திறக்க முடியாத சின்னக் கண்ணாடிகள். ஸ்போர்ட்ஸ் காரின் பின்னிருக்கை என்பது பெயருக்குத்தான். ஓட்டுநர் இருக்கையை மடக்கித்தான் உள்ளே போகவும் வரவும் வேண்டும்.

ஏசியிலிருந்து தைல வாசம் வந்தது. பயணத்தில் குமட்டுகிறவர்கள் நெற்றியில் தடவிக்கொள்வார்களே, அந்தப் பச்சைத் தைலம்.

பள்ளி நாள் முதல் அவனுக்கு இப்படி ஒரு சிவப்பு வண்டி மேல் ஆசை. துறைமுகக் கிடங்கில் பதினோரு வருடம் பளுதூக்கி ஓட்டிய பிறகு, தெரிந்தவன்தானே என்று குணசீலனிடம் வாங்கினான். குணசீலன் விபத்து வண்டிகளை டோ வண்டியில் கட்டி இழுத்து வருகிறவன். பழைய கார் வியாபாரமும் உண்டு. "அடி படாத வண்டி மச்சான், கண்ணை மூடிக்கிட்டு எடு" என்று சொன்னான். சுகுமாறனும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தான். வாங்கி ஐந்து வாரத்தில் ரேடியேட்டர் ஒழுகியது. அதைச் சரிசெய்தால் பிரேக் கடித்தது. பிரேக்கை மாற்றினால் இடது விளக்கு செத்தது. பழுதெல்லாம் முன்பக்கத்தில்தான் வந்தது. பின்பக்கத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுபடியும் கிள்ளானில் இருக்கும் லியோங்கின் பட்டறையில் வண்டியை விட்டான்.

பத்து நாள் கழித்து, வேலை முடிந்து வண்டியை எடுக்கப் போனபோது பட்டறையின் தகரக் கூரைக்கு மேல் மழை கறுத்துக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் ஓர் அம்மா கையில் மைலோ குவளையோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர் இருக்கை முன்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

"வா சுகு" என்றார் லியோங். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த சீனர். தமிழ் நம் ஆட்களைப் போலவே வரும். "கீழ குனிஞ்சு பாரு. அப்புறம் என்னைத் திட்டு."

விரிப்பை விலக்கி, டார்ச் அடித்துக் காட்டினார். ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், வண்டியின் குறுக்கே, அறுவை சிகிச்சைத் தழும்பு போல ஒரு பற்றுவைப்புக் கோடு ஓடியது.

"இது ஒரு வண்டி இல்ல. ரெண்டு வண்டி. முன் பாதி ஒண்ணு, பின் பாதி ஒண்ணு. வெட்டி ஒட்டியிருக்கான் உன் கூட்டாளி."

சுகுமாறனுக்குக் காது சூடேறியது. "இது யாரு?"

"பாக்கியம் அக்கா. காப்பார்லேருந்து தெனம் பஸ்ல வர்றாங்க."

அந்த அம்மா எழுந்து நின்றார். பின் கண்ணாடியின் மூலையில் பாதி சுரண்டப்பட்ட பட்டாம்பூச்சி ஸ்டிக்கரைத் தொட்டுக் காட்டினார். "என் மக ஷாமினி ஒட்டுனது தம்பி. ரோட்டுல போறப்ப இதைப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சேன். இந்தப் பின் பாதி அதோட கூட்டாளிப் பொண்ணோட வண்டி. மோதுனப்ப அந்தப் பொண்ணு முன் சீட்டுலயே உசுரு போயிருச்சு. என் மக பின் சீட்டுல உசுரோட இருந்துச்சு. கதவு திறந்துதான் கெடந்துச்சு. சீட்டைக் கொஞ்சம் தள்ளுங்க, சீட்டைக் கொஞ்சம் தள்ளுங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சாம். மொத வந்த டோ வண்டிக்காரன், வேற டோக்காரன் வர்றதுக்குள்ள சங்கிலி மாட்டணும்னு அதுலயே நின்னான். பின்னால வந்த லாரிக்காரர்தான் சீட்டைத் தள்ளிவிட்டாரு. அதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு."

"அந்த ஆளு யாரு?"

"மணிக்கட்டுல தேள் பச்சை குத்தியிருந்தானாம். லாரிக்காரர் சொன்னாரு."

அந்தத் தேளைச் சுகுமாறன் அறிவான். வண்டியை விற்ற அன்று சாவியை நீட்டிய குணசீலனின் கையில் அது இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. இந்தச் சீட்டை மடக்குற விசைக் கம்பி அறுந்து கெடக்கு. அதை மட்டும் மாட்டிக்குங்க. வண்டியை நிறுத்துறப்ப ஒரு தடவை சீட்டை முன்னால தள்ளிவிடுங்க. என் மக எறங்கிக்கும்."

"அரை மணி நேர வேலை" என்றார் லியோங். "ஓயரு வாங்கி வெச்சிருக்கேன். காசு வேணாம்."

சுகுமாறனுக்குள் எரிந்துகொண்டிருந்ததெல்லாம் குணசீலன் தன்னை ஏமாற்றியது ஒன்றுதான். அந்தப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தது அவன் மனதில் ஒட்டவில்லை.

"பின்னால யாரு உக்காரப் போறா? இது என்ன கோயிலா, தெனம் வந்து உக்கார்றதுக்கு? வாசத்துக்குக் காரணம் இப்பத்தான் தெரியுது. தைலத்தைக் கொண்டாந்து ஊத்துறீங்களா?"

"நான் ஊத்தலப்பா" என்றார் அந்த அம்மா மெதுவாக. "அதுக்கு வண்டின்னா குமட்டும். போறப்ப நான்தான் பாட்டிலைக் கையில குடுத்து அனுப்புனேன்."

லியோங் சாவியை உடனே தரவில்லை. "இங்க இருந்த பத்து நாளும் ஒரு மக்கர் பண்ணல சுகு. சாயங்காலம் கம்பியை விட்டு நெம்பி, சீட்டை மடக்கி வெச்சுட்டுத்தான் கடையைச் சாத்துவேன். அவங்க கேட்டாங்க, செஞ்சேன். எனக்கு என்ன போச்சு?"

சுகுமாறன் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். மடங்கிக் கிடந்த இருக்கையை இரண்டு கையாலும் பின்னால் தள்ளினான். அது பூட்டிக்கொண்ட சத்தத்தில் அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

மழை பிடித்துக்கொண்டது. சக்கர நட்டு கழற்றும் கனத்த இரும்புத் திருகியைப் பக்கத்து இருக்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்குப் பின்னால் பழைய கொள்கலன்கள் அடுக்கியிருக்கும் ஆளில்லாத சாலைக்குத் திருப்பி, வண்டியை நிறுத்தினான். குணசீலனை அழைத்தான். "மச்சான், வண்டி நின்னு போச்சுலா. பழைய கண்டெய்னர் ரோட்டுல. டோ வண்டியை எடுத்துக்கிட்டு நீயே வா. தனியா வா." பொய்தான். வந்ததும் அந்தத் தேள் இருக்கும் கையைத்தான் முதலில் உடைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

போனை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்த நொடியில் வண்டி தானாக அணைந்தது.

சாவியைத் திருப்பினான். ஒன்றும் இல்லை. கதவு திறக்கவில்லை. கண்ணாடி இறங்கவில்லை. கூரையில் மழை ஆயிரம் விரல்களால் தட்டியது. கொள்கலன்களின் இடுக்கில் நுழைந்த காற்று வெற்றுப் புட்டியின் வாயில் ஊதுவது போல முனகியது. மூடிய வண்டிக்குள் தைல வாசம் கண்ணைக் கரிக்கும் அளவுக்குக் கூடியது. பின்னால், தரையில், சின்னதாக ஏதோ உருண்டது. கண்ணாடிப் புட்டி. இந்தப் பக்கம் உருண்டு இடித்தது. பிறகு அந்தப் பக்கம்.

வண்டி நின்ற இடம் மேடோ பள்ளமோ இல்லை.

சக்கரத் திருகியைப் பிடித்துக்கொள்ளலாம் என்று கையை நீட்டினான். அது பக்கத்து இருக்கையில் இல்லை. பின்னால் தரையில் கிடந்தது.

கண்ணாடியை உடைத்து இறங்கவும் அது வேண்டும். குணசீலனுக்கும் அது வேண்டும். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே உடம்பை ஒருக்களித்து நுழைத்தான். கை எட்டவில்லை. இன்னும் கொஞ்சம். இடுப்பு நுழைந்தது. கால்களையும் இழுத்துக்கொண்டு பின்னிருக்கையில் விழுந்தான். திருகியைத் தொட்டான்.

டக்.

முன்னிருக்கைகள் இரண்டும் பின்னால் நகர்ந்து அவன் முழங்கால்களைக் கவ்விக்கொண்டன.

விசையைத் தேடினான். அறுந்த கம்பியின் முனை விரலைக் குத்தியது. இழுத்தான். வெறுமனே வந்தது. திருகியைத் தூக்கினான், அடிக்க இடமில்லை. கத்தினான். குரல் மழைக்குள் போகவில்லை.

முன்னால் போன் ஒளிர்ந்தது. குணசீலன் அழைக்கிறான். அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது.

பிறகு மஞ்சள் விளக்கு சுழன்றது. இழுவை வண்டி வந்து நின்றது. குணசீலன் ரெயின்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து, கையை நெற்றியில் வைத்து உள்ளே டார்ச் அடித்தான். வெளிச்சம் சுகுமாறனின் முகத்தில் விழுந்தது. கண்ணில் விழுந்தது. சுகுமாறன் கண்ணாடியை அறைந்தான்.

வெளிச்சம் நகர்ந்து போனது.

"வரச் சொல்லிட்டு எங்க போய்த் தொலைஞ்சான் இவன்."

முன்னால் சங்கிலி மாட்டும் சத்தம். நிதானமான சத்தம். சுகுமாறன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

கதவு சுலபமாகத் திறந்தது. கியரை விடுவிக்கக் குணசீலன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். மூக்கைச் சுருக்கினான். "சை, என்ன தைல நாத்தம்." மணிக்கட்டில் தேள் நனைந்து மின்னியது. ஒரு சாண் தூரம். கதவு திறந்தேதான் இருந்தது.

சுகுமாறன் வாயைத் திறந்தான்.

"சீட்டைக் கொஞ்சம் தள்ளுங்க."

அது ஒரு பெண்ணின் குரல். அவன் வாயிலிருந்துதான் வந்தது.

குணசீலனின் தோள் விறைத்தது. மெல்ல நிமிர்ந்து, நடுக்கண்ணாடியில் பின்னிருக்கையைப் பார்த்தான். நேராகச் சுகுமாறனைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்தவன் போலப் பெருமூச்சு விட்டான்.

பக்கத்தில் யாரோ ஒதுங்கி இடம் கொடுத்தார்கள். ஈரமான ஒரு முழங்கால் சுகுமாறனின் முழங்காலோடு ஒட்டி உட்கார்ந்தது. அவன் திரும்பவில்லை. திரும்ப வேண்டியதும் இல்லை. பிடி தளர்ந்த முழங்காலை உயர்த்தி, குணசீலனின் சாய்மானத்தில் வைத்தான். அவளும் வைத்தாள்.

கதவு அறைந்து மூடிக்கொண்டது.

டக்.

இருக்கை ஒரு பல் முன்னால் நகர்ந்தது. குணசீலன் முனகிக்கொண்டு பின்னால் சாய்ந்து பார்த்தான். கதவுப் பிடியை இழுத்தான். விசையைத் தேடினான். அறுந்த கம்பி கையோடு வந்தது.

டக்.

ஸ்டீயரிங் அவன் நெஞ்சைத் தொட்டது. நடுக்கண்ணாடியில், இப்போதுதான், அவன் கண்கள் அகலமாக விரிந்தன. முதுகில் நான்கு முழங்கால்கள். மழை. சுழலும் மஞ்சள் விளக்கு.

டக்.