அந்த முனையைப் பிடி!

மிளகாய்க்கு ஆண்டவர் மேல் கோபம்.

மிளகாய் என்பது அவளுடைய பட்டப்பெயர். தொட்டால் எரிவாள் என்று அப்பா வைத்தது. பத்து வயதுப் பெண்ணுக்குக் கொஞ்சம் அதிகமாகவே எரிவாள். ஆனால் இன்றைக்கு எரிந்ததுபோல் என்றைக்கும் எரிந்ததில்லை.

அம்மாவுக்கு இன்று ஆபரேஷன். வயிற்றில் கட்டி. அப்பா விடிந்ததும் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அம்மா நடத்தும் சலவைக் கடையில், துவைத்துக் காய்ந்த பெட்ஷீட்டுகள் மலை மாதிரி குவிந்து கிடந்தன. சாயங்காலம் விடுதியிலிருந்து வண்டி வரும். மடிக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அம்மா திரும்பி வரும்போது இந்த மலை அவரைப் பார்த்து இளிக்கக் கூடாது என்று மிளகாயே முடிவு செய்தாள்.

பெரிய பெட்ஷீட்டை ஒற்றை ஆளாக மடிப்பதும் ஒற்றைக் கையால் கை தட்டுவதும் ஒன்றுதான். எதிரே ஒருவர் வேண்டும். இருந்தது ஐந்து வயதுத் தம்பி மட்டும். முகம் உருண்டை. அதனால் பொத்தான்.

"டேய் பொத்தான், அந்த முனையைப் பிடி!"

பிடித்தான். அவள் இழுத்தாள். துணி அவன் கையிலிருந்து உருவிக்கொண்டு தரையில் விழுந்தது.

"கையில என்ன எண்ணெயா தடவியிருக்க?"

"நீ தான் திடீர்னு இழுக்கற!"

மறுபடியும் பிடித்தான். மறுபடியும் விழுந்தது. வெள்ளைத் துணியில் அழுக்கு ஒட்டிக்கொண்டது. மிளகாய் அதைச் சுருட்டி மூலையில் வீசினாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்துக் கடைத் தையல்கார அத்தை எட்டிப் பார்த்தார். வாயில் நூல், கழுத்தில் அளவு நாடா.

"எதுக்குடி இந்தக் கத்து கத்தற? கவலைப்படாத கண்ணு. ஆண்டவர் பாத்துக்குவார்."

"பாத்துக்கிட்டு மட்டும் தான் அத்தை இருக்காரு! அம்மா வலியில சுருண்டு அழுதாங்களே, அப்பவும் பாத்துக்கிட்டு தான் இருந்தாரு!"

அத்தை வாயிலிருந்த நூலை எடுத்தார்.

"பசிச்சா ரெண்டு பேரும் வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மிளகாய் திரும்பினாள். பொத்தானைக் காணோம். இஸ்திரி மேஜைக்கு அடியில் இரண்டு கால்கள் தெரிந்தன.

"வெளிய வா!"

"மாட்டேன். நீ பாடாம இழுக்கற. நீயும் அம்மாவும் பாடித்தான் இழுப்பீங்க. பாட்டு இல்லாம எப்ப இழுக்கணும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

உண்மைதான். அம்மாவும் அவளும் மடிக்கும்போது ஆராதனையில் பாடும் பாட்டு ஒன்றைப் பாடுவார்கள். முதல் வரி அவளுடையது. அதைப் பாடும்போது இருவரும் விலகி நின்று துணியை விறைப்பாக இழுப்பார்கள். அடுத்த வரி அம்மாவுடையது. அதைப் பாடிக்கொண்டே அம்மா நடந்து வந்து, தன் முனைகளை அவள் கையில் சேர்ப்பார்.

"அந்தப் பாட்டை நான் பாட மாட்டேன். அது பொய்."

"அப்ப அம்மா பொய் பாடுவாங்களா?"

அவள் அடுத்த பெட்ஷீட்டை எடுத்து உதறினாள். மேஜைக்கு அடியிலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது.

"அக்கா... அம்மா செத்துப் போயிடுவாங்களா?"

மிளகாயின் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றது. குனிந்து பார்த்தாள். அவன் ஒரு பெட்ஷீட்டின் முனையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையிலிருந்து இவனிடம் ஒரு நல்ல வார்த்தை பேசவில்லையே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"வாடா. பாடறேன். ஆனா கோபமா தான் பாடுவேன்."

"பரவால்ல. சத்தமா பாடு."

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மிளகாய் பாடினாள்.

"இருட்டில் நடக்கிறேன், எங்கே இருக்கிறீர்?"

பாட்டா அது! மூடிய கதவைக் கையால் இடித்த மாதிரி இருந்தது. எத்தனையோ தடவை பாடிய வரிதான். இதை எழுதியவரும் இப்படி ஒரு நாள் கோபத்தில் கத்தியிருப்பாரோ என்று முதன்முதலாகத் தோன்றியது.

துணி விறைத்து நின்றது. விழவில்லை.

அடுத்தது அம்மாவின் வரி. அதை மிளகாய் ஒருநாளும் பாடியதில்லை.

அப்போது ஒரு கீச்சுக் குரல் வந்தது.

"கையை நீட்டிப் பார், பக்கத்தில் இருக்கிறேன்."

பொத்தான் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, நுனிக்காலில் நடந்து வந்து, முனைகளை அவள் கையில் வைத்தான்.

"உனக்கு எப்படிடா தெரியும்?"

"தினமும் இந்த மேஜைக்கு அடியில தானே விளையாடறேன்? நான் என்ன செவிடா?"

மடித்தார்கள். ஒவ்வொரு துணிக்கும் அவள் கேள்வியை வீசினாள். சில நேரம் வேண்டுமென்றே இன்னும் கடுமையாகக் கத்தினாள். பதில் மட்டும் மாறவே இல்லை. நடந்து வந்து அவள் கையைத் தொட்டது.

மலை பாதியாகக் கரைந்தபோது மிளகாய் ஒன்றைக் கவனித்தாள். தன் வரியைக் கத்தி முடித்ததும் அவள் அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள். அது வராமல் போகும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா. இருவரும் சிலையாக நின்றார்கள்.

"ஆபரேஷன் முடிஞ்சுது. நல்லபடியா முடிஞ்சுதுன்னு டாக்டர் சொல்றாரு. அம்மா தூங்கறாங்க. கண்ணு முழிச்சாத்தான் மிச்சம் தெரியுமாம்."

அப்பா நாற்காலியில் சாய்ந்து மகளைப் பார்த்தார். "அத்தை சொன்னாங்க, ஆண்டவரோட சண்டையாமே?"

"ஆமா."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல." மிளகாய் கொஞ்சம் யோசித்தாள். "ஆனா கோவிச்சுக்கிட்டு எழுந்து போகவும் இல்லப்பா."

"உன் கோபம் போயிடுச்சா?"

"இல்ல. அம்மா முழிக்கட்டும், பாக்கலாம்."

"எனக்கும் அப்படித்தான்" என்று அப்பா சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தார். ஆலயத்தில் எல்லோரும் பாடும்போது வாயை மட்டும் அசைப்பவர் அவர். "எனக்கு எந்த வரி?"

"என் வரி தான். என்கூட நில்லுங்க" என்றான் பொத்தான், பெரிய மனிதனைப் போல. "அக்கா கத்துவா. பயப்படாதீங்க."

மிளகாய் சிரித்துவிட்டாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்து, வாசலில் வந்து நின்ற விடுதி வண்டிக்காரர் காதைப் பொத்திக்கொள்ளும் அளவுக்குத் தன் வரியைத் தொடங்கினாள்.