நிலையின் இடது கால்

காலையில் கிடங்குக் கதவு திறந்ததும் முதல் பொய் உள்ளே வரும். "அசல் பர்மாத் தேக்கும்மா" என்று ஒருவர் கட்டில் காலை நீட்டுவார். அவருக்குப் பின்னால் நிற்பவர் அலமாரிக் கதவைத் தட்டிக் காட்டி, "இதுவும் பர்மாதான், சத்தத்தக் கேளுங்க" என்பார். மாதரசி சிரிக்காமல் ஊசியை எடுப்பாள். இவர்கள் சொல்கிற கணக்குக்கு மரம் வந்திருந்தால் பர்மாவில் பல் குத்தக்கூட ஒரு குச்சி மிஞ்சியிருக்காது.

ஒரு காலத்தில் அது பெருமைக்குச் சொன்ன பொய். பெண் பார்க்க வந்தவர்களிடம் உத்தரத்தை அண்ணாந்து காட்டிச் சொன்னது. இப்போது அது மரத்தைக் காப்பாற்றச் சொல்லும் பொய். வீட்டிலிருக்கும் தேக்கையெல்லாம் கிடங்கில் காட்டியாக வேண்டும் என்பது சட்டம். பர்மாத் தேக்கு என்றால் மரம் கொண்டுவந்தவரோடு வீட்டுக்குத் திரும்பும். நம் மலைத் தேக்கு என்றால் மழைக் கணிப்பகத்துக்குப் போகும், போனது திரும்பாது.

எல்லாம் முகிலிக்காக. எப்போது விதைப்பது, எந்த மதகைத் திறப்பது, எந்த ஊரைக் காலி செய்வது என்று சொல்கிற கணிப்புப்பொறிக்கு அந்தப் பெயர். கடல் ஏறிய பிறகு வானத்தின் பழைய வழக்கமெல்லாம் தப்பிப் போயிற்று. முகிலி கற்றுக்கொள்ளப் பழைய மழைகள் வேண்டியிருந்தன; மனிதர்கள் அளந்து வைத்த மழை போதவில்லை. அதற்கு முந்திய மழையெல்லாம் மரத்துக்குள் இருந்தது. தேக்கு ஆண்டுக்கு ஒரு வளையம் போடும். நல்ல மழைக்கு அகலமாக, பஞ்சத்துக்கு மயிரிழையாக. அந்த வளையங்களைத் தனித்தனியே சீவி எரித்து, எழுகிற வாயுவைச் சோதித்தால், அந்த ஆண்டு தூறியதா கொட்டியதா என்பது வரை தெரியும். மலைகளில் முதிய தேக்கு ஒன்றுகூட இல்லை, காட்டுத்தீ கொண்டுபோய்விட்டது. மிச்சமிருந்தது கட்டிலிலும் கதவிலும்தான். பர்மாத் தேக்கு பர்மாவின் மழையைத்தான் சொல்லும்; அது இங்கே எதற்கும் ஆகாது.

மாதரசி மரமறிவாளர். அவளுடைய ஐசோடோப் ஊசி மரத்தில் ஒரு கடுகளவு கிள்ளும். எந்த மலை, எந்தக் காலம் என்பது அவள் மணிக்கட்டுத் திரையில் தெரியும், அவளுக்கு மட்டும். அவள் வாயால் சொல்வதே தீர்ப்பு.

ஒரு நாள் காலை, கிடங்குக்குக் கொண்டுவர முடியாத மரம் ஒன்றைச் சோதிக்க, மாதரசியின் வண்டி கல்மேட்டுக்குப் புறப்பட்டது. மூன்றாம் ஆண்டாக மழையில்லை. ஆனால் கிழக்கே மேகம் திரளத் தொடங்கியிருந்தது. சாலையில் நின்றவர்கள் அதைக் காட்டிக் காட்டி மகிழ்ந்தார்கள். மாதரசியால் மகிழ முடியவில்லை. அவள் தம்பி செல்வமணி ஏரி மதகுக் காவலனாக இருந்தான். முந்தைய வறட்சி முடிகிற நேரத்தில், ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று முகிலி மதகுகளை அடைக்கச் சொன்னது. ஏரி ஒரே இரவில் நிரம்பி உடைந்தது. கீழே இருந்த ஊர்களோடு தம்பியும் போனான். பெரும் பஞ்சம் ஒன்று எப்படி முடியும் என்று முகிலிக்குத் தெரியாது. அது அப்படியொன்றைப் பார்த்ததே இல்லை. தாது வருஷப் பஞ்சத்தைக் கண்ட மரம் ஒன்று கிடைத்தால் போதும் என்று கணிப்பகம் அலைந்துகொண்டிருந்தது.

கல்மேட்டில் இருப்பவர்கள் மணல்துறைக்காரர்கள். அவர்களுடைய ஊர் கடலுக்கடியில் இருக்கிறது. இங்கே அவர்களுக்குக் கிடைத்தவை அச்சு வீடுகள். இயந்திரம் ஒரே வார்ப்பாகக் கொட்டிய சுவர், சறுக்கித் திறக்கும் தகட்டுக் கதவு. கதவுக்கு மரச்சட்ட நிலை கிடையாது, படி கிடையாது. அதனால் ஊரை விட்டு வரும்போது தூக்கி வந்த ஒரே ஒரு பழைய நிலையைக் குடியிருப்பின் நடுத்திடலில் நட்டு வைத்திருந்தார்கள். சுவரில்லை, கூரையில்லை, வெட்டவெளியில் ஒரு வாசல். மருமகள் அதன் வழியாகத்தான் ஊருக்குள் வர வேண்டும். பிறந்த குழந்தையை அதன் வழியாகக் கொண்டுவந்த பிறகுதான் பெயர் வைப்பார்கள். செத்தவரையும் அதன் வழியாகத்தான் வெளியே எடுப்பார்கள்.

ஊர்த்தலைவர் கலியமூர்த்தி புதுவேட்டி கட்டி நின்றிருந்தார். நிலையில் மாவிலை கட்டியிருந்தது.

"வாங்கம்மா. நல்ல நாளாப் பாத்து வந்திருக்கீங்க. எம்பொண்ணு தனக்கொடி புள்ளயோட ஆஸ்பத்திரியிலேருந்து வருது. சாயங்காலத்துக்குள்ள வந்துடும்" என்றார். பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இது பர்மாத் தேக்கு. எங்க முப்பாட்டன் கப்பல்ல கொண்டாந்தது" என்றார்.

மாதரசி நிலையின் வலது காலில் ஊசியை வைத்தாள். திரையைப் பார்த்துவிட்டு, "பர்மாதான்" என்றாள். கூட்டம் ஆரவாரித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். உண்மையைச் சொல்கிற ஒருவரைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நெஞ்சு இளகியது. மேல்சட்டமும் பர்மா. பிறகு இடது காலில் வைத்தாள்.

ஆனைமலை. திரையில் அடுத்தடுத்து எண்கள் இறங்கின. நெருக்கமான வளையங்கள், மயிரிழை மயிரிழையாக. காலம் சரியாகப் பொருந்தியது. தாது வருஷம்.

அவள் நிமிரவில்லை. கலியமூர்த்தி மட்டும் பக்கத்தில் வந்தார்.

"ஒரு புயல்ல அந்தக் காலு முறிஞ்சுபோச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு. வேற மரம் போட்டாங்களாம்" என்றார் மெதுவாக. "பர்மான்னு சொல்லிடுங்கம்மா. உங்களத் தவிர யாருக்குத் தெரியப்போவுது?"

"யாருக்கும் தெரியாதுங்கய்யா."

"கடலு எங்க ஊரையே எடுத்துக்கிச்சு. கோயிலு, சுடுகாடு, எல்லாம் போச்சு. இதுக்குள்ள நுழைஞ்சு வந்தாதான் நாங்க மணல்துறைக்காரங்க. இல்லாட்டி அகதிதான்."

"ஒரு துண்டு போதும்னா துண்டோட போயிடுவேன். பஞ்ச வளையம் ரொம்ப மெல்லிசு. சிட்டிகை மரம் சேக்கவே காலை அடிமுதல் நுனிவரைக்கும் சீவணும்." அவள் கிழக்கே பார்த்தாள். "அந்த மேகம் இறங்கறதுக்குள்ள மதகைத் திறக்கறதா மூடறதான்னு சொல்லியாகணும். போன தடவ மூடச் சொன்னாங்க. என் தம்பி அங்கதான் நின்னான்."

கலியமூர்த்தி மேகத்தைப் பார்த்தார். பிறகு, "நாங்க மேட்டுல இருக்கோம். எங்களுக்கு வெள்ளம் வராது" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே அந்தச் சொல் கசந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டார். தண்ணீர் ஒரு ஊரை எப்படி எடுக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மாதரசி எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். "இடது கால் நம்ம மலைத் தேக்கு."

யாரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரு பெண் வந்து மாவிலைத் தோரணத்தை மட்டும் அவிழ்த்துக்கொண்டு போனாள்.

கிடங்கு ஆட்கள் இருவர் மேல்சட்டத்தோடு காலை இணைத்த முளையைத் தட்டி எடுத்து, அடியில் மண்ணைத் தோண்டிக் காலை உருவினார்கள். மேல்சட்டம் ஒரு பக்கம் கிறீச்சென்று இறங்கியது. கலியமூர்த்தி பாய்ந்து தோளைக் கொடுத்தார். ஆட்கள் காலை வண்டிக்குத் தூக்கிப் போனார்கள். முட்டுக்கொடுக்க இரும்புக் கம்பி ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொன்னார்கள்.

அவர்கள் திரும்புவதற்குள் ஆஸ்பத்திரி வண்டி வந்துவிட்டது.

தனக்கொடி துணிச்சுருளோடு இறங்கினாள். ஒற்றைக்கால் நிலையைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது. பேரப்பிள்ளையைத் தாத்தாதான் வாங்கி உள்ளே கொண்டுவர வேண்டும். தாத்தாவோ சட்டத்தைத் தாங்கி நிற்கிறார், விட்டால் விழும். கூட்டம் திகைத்தது. சட்டத்துக்கு மிக அருகில் நின்றவள் மாதரசி.

அவள் குனிந்து அவருக்குப் பக்கத்தில் தோளைக் கொடுத்து, இரு கைகளாலும் சட்டத்தைப் பிடித்தாள். "நீங்க போங்கய்யா" என்றாள்.

அவர் அவளைப் பார்க்காமலே விலகினார். பாரம் முழுவதும் அவள் மேல் இறங்கியது. இத்தனை காலம் அந்தக் கால் இதைத்தான் சுமந்து நின்றிருக்கிறது. ஊசியில் அது தெரியவில்லை. ஆட்கள் கம்பியோடு ஓடி வந்தார்கள். வேண்டாம் என்று தலையசைத்தாள்.

கலியமூர்த்தி குழந்தையை ஏந்தி அவளைக் கடந்து உள்ளே போனார். பின்னால் தனக்கொடி மஞ்சள் கிண்ணத்தோடு வந்தாள். வாசல் நுழைகிற தாய் நிலையின் இரண்டு கால்களுக்கும் மஞ்சள் பூச வேண்டும், அது வழக்கம். வலது காலுக்குப் பூசினாள். இடப்பக்கம் திரும்பினாள். சற்று நின்றாள். பிறகு விரல்களைக் கிண்ணத்தில் தோய்த்து, மாதரசியின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, திரையையும் சேர்த்து, அழுத்திப் பூசினாள்.

மாதரசிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. திடலின் ஓரத்தில் இன்னும் ஆட்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள், எல்லோரும் குழந்தைக்குப் பின்னால் உள்ளே வர வேண்டும். கடைசி ஆள் நுழையும்வரை அவள் அசையாமல் நின்றாள்.